மாதம் 294 ரூபாய்

வரி கட்டாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பட்டவன் சொல்கிறேன். ஏறக்குறைய நாலு வருடம் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. காட்பாடியில் ரயில் பிடித்து வேலைக்குப் போனேன், வந்தேன். ஆடிக்குத் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோனேன். சித்திரை வெயிலில் எல்லாரையும்போல வேலூரைத் திட்டினேன். அவ்வளவு நாளும் மாதம் 294 ரூபாய் என் தலைமேல் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

ஆரம்பம் 2017. அந்த வருடம் அக்டோபரில் வேலை மாறினேன். புது இடத்தில் சேரும்போது பழைய இடத்துச் சம்பள விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அப்போது 12பி என்று ஒரு ஃபாரம் இருந்தது. நான் கொடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஆகவே புதுக் கம்பெனிக்காரர்கள் அந்த ஆறு மாதச் சம்பளம்தான் என் முழு வருட வருமானம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டரை லட்சம் வரை வரியில்லை என்ற சலுகையை முழுசாகக் கழித்தார்கள். அதில் பாதியைப் பழைய கம்பெனி ஏற்கெனவே கழித்திருந்தது. ஐந்து லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் என்ற படியில், இரண்டு பேர் கணக்கிலும் நான் கால் வைக்கவே இல்லை. மாதா மாதம் கையில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. நல்ல கம்பெனி என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2018 ஜூலைக் கடைசியில், தெருமுனை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வருமான வரி ரிட்டன் போட்டேன். அங்கே இருந்த பையன் வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான்.

"ணா, 28 ஆயிரத்துச் சொச்சம் கட்டணும்னு காட்டுது. இப்பவே கட்டிடறீங்களா?"

"இன்னாப்பா இது, கம்பெனியிலதான் புடிச்சிட்டாங்களே. அப்புறம் கட்டினா ஆவாதா?"

"ரிட்டன் அப்லோடு ஆயிடும்ணா."

அவன் சொன்னது உண்மை. அப்லோடு ஆனது. நான் கேட்டது அதுவல்ல என்பதும், அவன் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பதும் அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பரில் வருமான வரித்துறையிலிருந்து ஒரு மெயில் வந்தது. கூடவே ஒரு பிடிஎஃப், அதற்குப் பூட்டு. பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் சாவி. ஆனால் பான் எண்ணின் எழுத்துகளைச் சின்ன எழுத்தில் போட வேண்டும். பான் கார்டில் பெரிய எழுத்தில்தான் இருக்கிறது, நானும் அப்படியே போட்டேன். மூன்று தடவை முயன்றேன், திறக்கவில்லை. சரி, நிதானமாகக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரமே அந்த மெயில் வங்கி விளம்பரங்களுக்கு அடியில் புதைந்துபோனது. நான் பண்ணிய குற்றம் இவ்வளவுதான். ஏய்க்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு துளி இல்லை. ஏய்க்கிறவன் உஷாராக இருப்பான், மெயிலைத் திறந்து படித்திருப்பான்.

அந்தப் பூட்டுக்குள் இருந்தது 29,400 ரூபாய்க்கான கேட்பு நோட்டீஸ். குறைவாகக் கட்டிய வரி 26,008, முன்கூட்டியே கட்டாமல் விட்டதற்கான வட்டி மீதி. நோட்டீஸ் கைக்கு வந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும், அல்லது கணக்கு தப்பு என்று மறுக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் 31ஆவது நாளிலிருந்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாதத்தில் ஒரு நாள் போனாலும் முழு மாதக் கணக்கு. வெளியில் மூணு வட்டி, அஞ்சு வட்டிக்கு வாங்கிப் பழகிய நமக்கு ஒரு வட்டி என்பது தர்மக் கணக்குதான், வட்டிக்கு வட்டியும் கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம். வட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்லட்டில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். கடன் இருப்பது தெருவுக்கே தெரியும், நமக்கும் மறக்காது. இங்கே ஹாரன் அடிக்க ஆளில்லை.

2022 ஆகஸ்ட்டில்தான் சத்தம் கேட்டது. அந்த வருடம் எனக்கு 11,640 ரூபாய் திரும்ப வர வேண்டும். கூட வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், பழைய பாக்கியில் நேர் செய்யப்பட்டது என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! என் பணத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று ஒரு மணி நேரம் வீட்டில் குதித்தேன். அப்புறம் மெயிலில் தேடினால், கேட்டிருக்கிறார்கள். இப்படிப் பிடிக்கப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று நாள் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். அதுவும் விளம்பரங்களுக்கு அடியில் கிடந்தது.

கணக்குப் போட்டேன். 44 மாதம், மாதம் 294, ஆக 12,936. அசலோடு சேர்த்து 42,336. பிடித்த 11,640 போக மீதி 30,696. அதாவது என்னிடமிருந்து பதினோராயிரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட பிறகும், 2018இல் இருந்ததைவிட 1,296 ரூபாய் அதிகமாகவே பாக்கி நின்றது. காகிதத்தில் இந்தக் கழித்தலை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே விடைதான்.

ராணிப்பேட்டையில் ஆடிட்டராக இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு போன் பண்ணினேன். அவள் நான் புலம்பி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "மொதல்ல கட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றாள். கட்டினேன். பிறகு சொன்னாள்: வட்டி மட்டும் போடுவது அவர்களுடைய நல்ல குணம்; சட்டப்படி பாக்கித் தொகை அளவுக்கு அபராதமும் போடலாம். நம்மிடம் கேட்காமல் நம் வங்கிக்கே கடிதம் எழுதி அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கு எழுதலாம். கையில் இல்லையென்றால் தவணை கேட்டு மனு போட வழி உண்டு, கணக்கே தப்பென்றால் திருத்தக் கேட்கவும் அப்பீல் போகவும் வழி உண்டு. "எல்லா வழியும் இருக்கு. பதிலே சொல்லாதவனுக்குத்தான் வழி இல்லை."

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், தீராமல் கிடந்த சின்னச் சின்னப் பாக்கிகளை அரசாங்கமே தள்ளுபடி செய்தது. 2009-10 வரைக்குமான பாக்கி என்றால் 25,000 ரூபாய் வரை, 2010-11 முதல் 2014-15 வரை என்றால் 10,000 வரை. ஒரு கோடிப் பேருக்குப் பலன் என்றார்கள். தோழி அன்று ராத்திரி எனக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள். நான் தப்புப் பண்ணியதிலும் சில வருடம் பிந்திப்போனேன்.

பணம் கட்டிய பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டாமலே விட்டிருந்தால் எங்கே போய் முடிந்திருக்கும் என்று பார்க்க ஆசை. 1961ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் கடைசியில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. (இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025இல் நிறைவேறிய புதுச் சட்டம், 2026 ஏப்ரல் முதல்.) பாக்கி வசூலிப்பதற்கென்றே ஓர் அதிகாரி, அவர் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். தட்டுமுட்டுச் சாமானை ஜப்தி செய்யலாம், வீட்டையும் நிலத்தையும் ஏலம் விடலாம், ஆளைப் பிடித்துச் சிவில் சிறையில் வைக்கலாம். ஆறு மாதம் வரை உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும், ஒரு ரூபாய்கூடக் கழியாது. பெண்களையும் மைனர்களையும் கைது செய்யக்கூடாது. இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஓர் இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். சாமான்களைக் கைப்பற்றுவது சூரிய உதயத்துக்குப் பிறகும் அஸ்தமனத்துக்கு முன்பும்தான் நடக்க வேண்டும், வேறு நேரத்தில் கூடாது. அதோடு, சிவில் நடைமுறைச் சட்டம் எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்கிறதோ அதெல்லாம் இங்கேயும் கூடாது. உடுத்துகிற துணி, பாய் படுக்கை, சமையல் பாத்திரம், மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, கைத்தொழில்காரனின் கருவி, குடியானவனின் ஏர், மாடு, விதைநெல்.

சமையல் பாத்திரம் என்ற இடத்தில் ஆயாவின் அண்டா ஞாபகம் வந்தது.

அப்பாவைப் பெற்ற ஆயாவுக்குப் பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு கிராமம். மழை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் பொய்த்து, கிணறும் வற்றி, நிலவரிக் கிஸ்தி கட்ட முடியாமல் போன கதையை நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அப்போது கிராமத்தில் வசூல் முன்சீப் கையில், கணக்கு கர்ணம் கையில், ஓடியாடுகிற வேலை தலையாரிக்கு. (பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, அந்த இடத்தில்தான் இன்றைய வி.ஏ.ஓ.) தாத்தா பொழுது விடியுமுன் கழனிக்குப் போய்விடுவாராம், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாராம். வெளிச்சம் இருக்கும்போது ஆண்பிள்ளை கண்ணில் படக்கூடாது. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று அவர் படித்திருக்க மாட்டார். ஆனால் தலையாரி ராத்திரியில் வரமாட்டான் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார்.

ஒருநாள் நல்ல வெளிச்சத்தில் தலையாரி வந்து நெல் அவிக்கிற பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"தூக்கினு போனதுக்கூட எனக்கு ஒண்ணுமில்லடா. கவுத்து தலமேல வச்சினு போனான். கரிப் பக்கம் தெரியுது. தேய்க்காத அண்டா. தெருவே பாக்குது. ரெண்டு நாளு நான் கொழாயடிக்கே போவல."

வார்த்தை மாறாமல் இப்படித்தான் சொல்வாள். அண்டா போனதல்ல, கரி தெரியப் போனது. தாத்தா பள்ளிகொண்டாவில் கடன் வாங்கிக் கிஸ்தியைக் கட்டி, ஒரு வாரத்தில் சாவடியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஆயா அந்த அண்டாவின் அடிப்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் ஒரு நாளும் கவிழ்த்து வைத்ததில்லை. நான் பார்த்த காலத்தில் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடப் பளபளவென்று இருக்கும். ஏன் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரியாது.

ஊரில் ஜப்தி என்ற சொல்லுக்கே ஒரு கனம் உண்டு. யோசித்துப் பார்த்தால் வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, கிஸ்தி, ஜமாபந்தி, தாசில்தார், அமீனா, இந்தச் சொற்கள் எல்லாமே அரபு, பாரசீக வழியில் வந்தவை. நோட்டீஸும் சம்மனும் இங்கிலீஷ்காரன் கொடுத்தது. வரி என்ற சொல் மட்டும் நம்முடையது. அப்புறம், போகிற மானமும் நம்முடையதுதான். ஆற்காட்டைச் சுற்றியிருக்கிற எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. நவாப் முகமது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களிடம் வாங்கிக் குவித்த கடனுக்கு அடமானமே இந்தச் சீமை ஊர்களின் வரிவசூல்தான். அந்தக் கடன் விவகாரம் நாறி, 1785இல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் எழுந்து மணிக்கணக்கில் பேசினார். எங்கள் முப்பாட்டன்மார் கட்டிய, கட்டாத வரி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. 1801இல் கம்பெனியே ஆட்சியை எடுத்துக்கொண்டது, வசூல் நின்றுவிடவில்லை.

எப்படி வசூலித்தார்கள் என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டு, 1855இல் அறிக்கை வந்தது. நடக்கிறது என்பதுதான் முடிவு. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, தலையைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிற்கவைப்பது என்று அதில் வருவதையெல்லாம் இங்கே எழுத மனசில்லை. செய்தவர்கள் வெள்ளைக்காரர்களல்ல, பெரும்பாலும் தாசில் சேவகர்களும் கிராமத்து ஆட்களும்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1864இல் வருவாய் வசூல் சட்டம் வந்தது: முதலில் நோட்டீஸ், பிறகு சாமான் ஜப்தி, பிறகு நிலம் ஏலம் என்று ஒரு வரிசை. நூற்றைம்பது வருடம் தாண்டியும் அந்தச் சட்டம் சாகவில்லை. வேறு எத்தனையோ அரசுப் பாக்கிகளை இன்றைக்கும் 'நிலவரிப் பாக்கி போலக் கருதி' அதன்படிதான் வசூலிக்கிறார்கள். அந்த வகையில் பார்த்தால் ஆயாவின் அண்டா நாகரிகமாகப் போன அண்டா.

இப்போது தலையாரி வருவதில்லை. இதைப் பேரணாம்பட்டில் இருக்கும் என் மாமா நன்றாகச் சொல்வார். அம்மாவின் தம்பி. பதினாலு மெஷின் போட்டு ஷூவுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கிறார். வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், சனிக்கிழமை கூலி. ஒரு பெரிய பார்ட்டி அவருக்கு ஐந்து மாதம் பணம் தராமல் இழுத்தது. ஜிஎஸ்டியில் பணம் கைக்கு வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். "எனக்கே வரல, நான் எங்கிருந்து கட்றது?" என்று மாமா ரிட்டன் போடுவதையே நிறுத்திவிட்டார். இந்த இடத்தில்தான் அவரும் என் ஜாதி. பணம் இல்லாதது ஒரு பிரச்சினை, முகத்தைத் திருப்பிக்கொண்டது இரண்டாவது பிரச்சினை. இரண்டாவதுதான் பெரிசாக வளரும்.

இரண்டு மாதம் ரிட்டன் போடாவிட்டால் ஈ-வே பில் எடுக்க முடியாது. அது இல்லாமல் வண்டி ஏற்றினால் வழியில் நிறுத்துவார்கள். தைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய சரக்கு, வாசலில் வண்டி, டிரைவர் டீ குடித்துவிட்டுப் பீடி பிடிக்கிறான், ஸ்க்ரீனில் மட்டும் தடை. வட்டி வருடத்துக்கு 18 சதவீதம், நம்ம கணக்கில் ஒன்றரை வட்டி. தாமதக் கட்டணம் நாள் கணக்கு. தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். கணக்கு காட்டாதவருக்கு அதிகாரியே உத்தேசமாக ஒரு தொகையைப் போட்டுவிடலாம். மாமாவுக்குப் போட்ட தொகை அவர் உண்மையில் கட்ட வேண்டியதைவிடப் பெரியது.

ஒரு சனிக்கிழமை கூலிப் பணம் எடுக்க வங்கிக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் மெல்லிய குரலில், "சார், உங்க அக்கவுன்ட்ல அட்டாச்மென்ட் இருக்கு, மேனேஜரப் பாருங்க" என்றாளாம். கணக்கையே ஜப்தி செய்திருந்தார்கள். வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாராம். "யாரும் வரலடா. எதையும் தூக்கினு போகல. நானே நடந்து போய் நானே தெரிஞ்சுக்கினேன்." அத்தையின் வளையலை அடகு வைத்து அன்று ராத்திரி கூலி கொடுத்தார். திங்கட்கிழமை ஆடிட்டரிடம் உட்கார்ந்து எல்லா மாதத்துக்கும் ரிட்டன் போட்டு, தங்கச் சங்கிலியையும் வைத்துக் கட்டி முடித்தார். ரிட்டன் போட்டதும் அந்த உத்தேசத் தொகை ரத்தானது, கணக்கு திறந்தது. வளையல் திரும்பி வந்துவிட்டது. சங்கிலி இன்னும் வரவில்லை என்று அத்தை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்கிறாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022இல் அந்தக் கலாட்டாவில் பழைய சம்பளக் காகிதங்களைத் தேடிப் பீரோவின் அடித்தட்டைக் குடைந்தபோது ஒரு மஞ்சப்பை கிடைத்தது. அப்பாவுடையது. உள்ளே ஒரு வளைந்த கம்பியில் குத்திய வீட்டு வரி ரசீதுகள். அப்பா ஒரு தோல் மண்டியில் முப்பது வருடம் கணக்கெழுதியவர்; ஊரான் கணக்கில் கால் ரூபாய் இடித்தால் சாப்பாடு இறங்காது. ரசீதுகள் அரையாண்டு தவறாமல் ஏறிக்கொண்டே வந்து 2015-16 இரண்டாம் அரையாண்டோடு நின்றிருந்தன. அதற்கு மேல் வெறும் கம்பி.

பையின் அடியில் மடித்த கேட்பு நோட்டீஸ்கள். முதல் நோட்டீஸின் மூலையில் அப்பாவின் கையெழுத்தில், பென்சிலால், 'அப்புறம்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான், ஒரே சொல். அடுத்தடுத்த நோட்டீஸ்களில் அதுகூட இல்லை. 2016 தங்கை கல்யாணம் நடந்த வருடம். அதற்கப்புறம் சர்க்கரை, கால் புண், ஆஸ்பத்திரி. 2020இல் போய்விட்டார். வீட்டு வரி பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆயா வயிற்றில் பிறந்த பிள்ளை, கரி தெரியக்கூடாது என்று நினைத்திருப்பார்.

கொசப்பேட்டை வீடு அவர் பேரிலேயே இருந்தது. மாடியில் ஓர் அறை கட்ட வங்கிக் கடன் கேட்டால், என் பேரில் நடப்பு வரி ரசீது வேண்டும் என்றார்கள். பேர் மாற்ற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தங்கையின் சம்மதம், கூடவே பாக்கியில்லாத வரி ரசீது. பாக்கியை யாரும் தேடிக்கொண்டு வரவில்லை. நமக்கு வேண்டிய எல்லாக் கதவுக்கும் முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. மின்சார இணைப்பில் பேர் மாற்றப் போனாலும் வரி ரசீது கேட்பார்கள். வீட்டை விற்கப் போனால் சொல்லவே வேண்டாம். பாக்கிக்காரர் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பதும் தமிழ்நாட்டு நகரங்களில் நடக்கிற காரியம்தான். எங்கள் வீட்டில் நடக்காதது அதிர்ஷ்டம்.

மாநகராட்சி கவுன்டரில் இருந்த அம்மா வரிவிதிப்பு எண் கேட்டார். அப்பாவின் ரசீதில் இருந்த பழைய எண்ணைச் சொன்னேன். தெரு பேர், கதவு எண் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தேடிக் கண்டுபிடித்தார். திரையை என் பக்கம் திருப்பினார். அப்பா பேர், அதற்குக் கீழே வரிசை வரிசையாக அரையாண்டுகள். 2021-22 முடிய பன்னிரண்டு அரையாண்டு, தலா 980. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க வரி ஏற்றினார்கள் அல்லவா, எங்கள் ஊரில் 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரை இருக்கிற வீடுகளுக்கு 50 சதவீதம். அதனால் அந்த வருடத்து இரண்டு அரையாண்டுக்கும் தலா 1,470. மொத்தம் 14,700. தண்ணீர்க் கட்டணம் தனி.

"இவரு உங்களுக்கு யாரு?"

"அப்பாங்க. இல்ல இப்ப."

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செத்துப்போன மனிதர் பேரில் இரண்டு வருடமாகப் பாக்கி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் நின்றவர் இருமினார். கட்டினேன்.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பயம் காட்டிப் பணம் பிடுங்குகிற போன்கள் இப்போது நிறைய வருகின்றன. எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியாருக்கு, வரி பாக்கி, ஒரு மணி நேரத்தில் கைது என்று ஒருவன் இந்தி கலந்த தமிழில் மிரட்டி, லிங்க்கும் அனுப்பிவிட்டான். நல்லவேளை, அவருக்கு லிங்க்கைத் திறக்கத் தெரியவில்லை. வருமான வரித்துறையிலிருந்து வருகிற கடிதங்களுக்கு 2019 அக்டோபர் முதல் ஓர் ஆவண எண் உண்டு. அதைத் துறையின் தளத்தில் போட்டால் கடிதம் நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். நிஜமான நோட்டீஸ் இவ்வளவு அவசரப்படாது என்று வாத்தியாரிடம் சொன்னேன். அது எவ்வளவு நிதானமாக வரும் என்பது எனக்குத்தானே தெரியும்.

வீட்டு வரியில் இப்போது ஒரு நல்லதும் உண்டு, ஒரு கெட்டதும் உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளோ அக்டோபர் 31க்குள்ளோ கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளிக்கொடுக்கிறார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். கெடு தாண்டினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. மறுபடியும் அதே நூற்றுக்கு ஒரு ரூபாய்!

2024 அக்டோபரில் ஆறு சதவீதம் ஏறி எங்கள் வரி 1,558 ஆனது. மெசேஜ் வந்தபோது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், ஒரு கையில் கம்பி. போனைப் பைக்குள் போடப்போனேன். போடவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் கட்டிவிட்டேன். 78 ரூபாய் கழிந்து 1,480.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ரசீது எங்கடா?"

"போன்லயே இருக்கும்மா."

"போன்ல இருந்தா கம்பில எப்டிக் குத்தறது?"

மறுபடியும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பிரவுசிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடை, அந்தப் பையன்தான் நடத்துகிறான், தலை கொஞ்சம் வழுக்கை விழுந்திருக்கிறது. பிரின்ட் பத்து ரூபாய். அம்மா அதை நாலாக மடித்து, 2022இல் கவுன்டரில் கொடுத்த நீளக் காகிதத்துக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மேலே, அப்பாவின் கம்பியில் குத்தினாள்.